வேர் அலசி அனுப்பும் பருவம்

சவேரியார்கட்டளை ரோஸ்லினுடைய தூக்கம் தொண்ணூற்று நாலாம் வருஷம் தை மாதம் பார்சல் லாரியில் ஏறி ஓசூருக்குப் போனது. போன இடத்தில் வேர் பிடித்து, மாசி முடிவதற்குள் துளிரும் விட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. அதே வருஷம்தான் யூரியா விலை ஏறியது, திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் இரண்டாவது எஸ்டிடி பூத்தும் திறந்தார்கள். ஊர்க்காரர்கள் இந்த மூன்றையும் இன்றைக்கும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். மூன்றில் எது பெரிசு என்று கேட்டால் யூரியா என்பார்கள்.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். ரோஸ்லினின் புருஷன் வேதநாயகம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தது வாய்க்காலின் கடைசி வயல். மேல் வயல்காரர்கள் எல்லோரும் குடித்து முடித்த பிறகு மிச்சம் இருந்தால் அதற்குத் தண்ணீர் வரும். ஆற்றிலேயே தண்ணீர் வராத வருஷங்களில் மிச்சத்துக்கு எங்கே போவது? இரண்டு குறுவை தொடர்ந்து காய்ந்ததும் அவன் ஏஜெண்டு ஒருத்தன் பின்னால் போய், தொண்ணூற்றிரண்டில் மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் பறந்துவிட்டான். பிள்ளைகள் தங்கவில்லை. வீட்டில் ரோஸ்லினும், வீட்டை ஒட்டி நாற்று விடாமல் வெடித்துக் கிடந்த நாற்றங்காலும்தான் மிச்சம்.

அந்த ஊர்ப் பங்குச் சாமியார் வீட்டுக் கொல்லையில் ஒரு சீமை அத்தி உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் நட்டது. அதைக் கழித்துப் போட்டபோது ரோஸ்லின் கிளைகளை விறகுக்கென்று தூக்கி வந்தாள். அத்தி விறகு எரியாது, புகையத்தான் புகையும். கண்ணைக் கசக்கி அலுத்துப்போய், ஆடு மேயாமல் இருக்கட்டுமென்று மிச்சத்தை நாற்றங்காலைச் சுற்றிக் குத்தி வைத்தாள். ஒரு மழையில் அத்தனை குச்சியும் இலை விட்டது. கோயில் திருவிழாவுக்கு வந்த ஓசூர்க்காரர் ஒருவர், மோட்டார் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்து புதிதாகப் பண்ணை வீடு வாங்கியவர், பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு கட்டு அனுப்புங்கம்மா, மண்ணு வேண்டாம், பாரம், கன்னு மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேதான் ஒரு தப்பு நடந்தது. வேறு சீமையாக இருந்தால் நடந்திருக்காது. நம் பக்கத்தில் ஒரு பயிரை இடம் மாற்றுவதென்றால் ஒரே வழிதான் எல்லோருக்கும் தெரியும். பிறந்த குழந்தைக்கும் தெரியும். பச்சையாக இருக்கும்போதே பறிப்பது, வேர் மண்ணைக் குதிகாலில் ஓங்கி அடித்து உதறுவது, வாய்க்காலில் அலசுவது, வாழை நாரால் முடி கட்டுவது, தூக்கி எறிவது. நெல் நாற்று அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது. இரண்டு நாள் தலையைத் தொங்கப் போடும், மூன்றாம் நாள் பச்சை பிடித்துவிடும். நாற்றுப் பறிக்கும் பெண்களுக்குத் தலைவி பூவம்மாள். அவள் கை பட்ட நாற்று கெட்டதில்லை என்று பேர். அந்தப் பூவம்மாளே வந்து ஆவணி மாதத்தில் அத்திக் கன்றுகளில் பாதியை இலையும் கொழுந்துமாகப் பறித்து, குதிகாலில் அடித்து, அலசி, அழகாக முடி கட்டித் தந்தாள். ரோஸ்லின் அதைத் தஞ்சாவூரில் மீரா சாகிப்பின் பார்சல் ஆபீசில் கொண்டுபோய்ப் போட்டாள்.

அந்த வாரமே மீரா சாகிப் கட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார். நாகூர்க்காரர், உரத்த குரல்.

"தங்கச்சி, கன்னு அனுப்புறேன்னு சொன்னீங்க. கறவ மாடுன்னு சொல்லவே இல்லியே! கரூர் தாண்டறதுக்குள்ள லாரி பூரா பாலு. பட்டு மூட்ட போட்டவன் என் சட்டையப் புடிக்கிறான்."

"என்ன பாய் சொல்றீங்க?"

"அழுதிருக்கும்மா. வழி பூரா அழுதிருக்கு. டிரைவர் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு ஓட்டியிருக்கான்."

தஞ்சாவூரிலிருந்து தொப்பூர்க் கணவாய் வரைக்கும் சாலை நடுவில் அன்றைக்கு ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. தாங்கள் போடாத கோடு எப்படி வந்தது என்று சாலைக்காரர்கள் யோசித்தார்கள், நேராக இருந்ததால் விட்டுவிட்டார்கள். ரோஸ்லின் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். கன்றுகள் விழித்துக்கொண்டிருந்தன. தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. மண்ணை உதறியது, அலசியது, ஊரை விட்டு ஏற்றியது எல்லாம் அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. நாற்றங்காலிலேயே திரும்ப வைத்தாள். ஒன்றுகூடத் தங்கவில்லை.

அத்தி நெல் இல்லை. பருவம் பார்க்காமல் போய்க் கேட்டதற்கு ஏசு ஆண்டவருக்கே பழம் கொடுக்காத மரம் அது. மார்கழிப் பனியில் சாமியார் வீட்டு மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்பதை ரோஸ்லின் கவனித்தாள். அப்போது கிளையை ஒடித்தால் பால் சொட்டுவதில்லை. தூங்குகிற மரம் தன் மண் போவதை அறியாது என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. ஆனால் பெரிய மரம் தூங்கியதே தவிர கன்றுகள் தூங்கவில்லை. நம்மூர்க் குளிர் என்ன குளிர்? ஒரு துண்டு போர்த்தினால் போகிற குளிர். இளசுகள் இலையை விரித்துக்கொண்டு கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தன.

அந்த டிசம்பரில் ரோஸ்லின் நாலு வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் சுட்டுக் கொடுத்தாள். முறுக்குப் பிழிந்து பிழிந்து கை மரத்துப்போய், ஒரு மத்தியான வேளையில் நாற்றங்கால் வரப்பில் வந்து உட்கார்ந்தவள், ஒரு கன்றின் தண்டைப் பிடித்தபடியே கண் அயர்ந்தாள். மடை திறந்தால் மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கும் இல்லையா, அதுபோல அவள் தூக்கம் உள்ளங்கை வழியாகக் கன்றுக்குள் இறங்கியது. அதிலிருந்து பக்கத்துக் கன்றுக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு. இலைகள் சத்தம் போடாமல் உதிர்ந்தன. அவள் விழித்தபோது நாற்றங்கால் முழுக்கக் குச்சிகள் நின்றன, அவள் கண்ணில் கழுவி வைத்த மாதிரி தெளிச்சல். அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

தையில் அவள் கன்றுகளைப் பறிக்கவில்லை. தோண்டினாள். குதிகாலில் அடிக்காமல், தண்ணீரில் ஊறப் போட்டு மண்ணைத் தானாகக் கரையவிட்டாள். வேரைச் சுற்றி ஈரத் தென்னை நார்த்தூள், அதன் மேல் நனைத்த கோணி, அதற்கும் மேல் வாழைப்பட்டை. மீரா சாகிப் கட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கொறட்டைதான் விடுது" என்று ஏற்றிக்கொண்டார். வாங்கியவருக்கு பூத்திலிருந்து போன் போட்டுச் சொன்னாள்: "வந்ததும் விருந்து வைக்காதீங்க சார். உரம் கிரம் ஒண்ணும் வேணாம். கொஞ்ச நேரம் தண்ணியில காலு நனைய வெச்சுட்டு நெழல்ல நட்டுடுங்க. தானா எந்திரிக்கட்டும். எந்திரிக்கையில எங்க இருக்கோ அதான் நம்ம ஊருன்னு நெனச்சுக்கும்."

அப்படியே நினைத்துக்கொண்டன. ஓசூர்ப் பண்ணை வீட்டில் அத்தி துளிர்த்த அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்கள். காவல்காரனும் தூங்கினான். திருட வந்தவனும் மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டதால் நஷ்டம் ஒன்றுமில்லை. சேதி பரவியது. பெங்களூரில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்கள், பூனாவில் பங்கு வாங்கி விற்று நெஞ்சு படபடத்தவர்கள், மகன்களை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த கோயமுத்தூர்க்காரர்கள், எல்லோரும் கன்று கேட்டார்கள். பழத்தைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு மார்கழி. ஐப்பசி மழையில் ரோஸ்லினுக்குக் கொஞ்சம் தூக்கம் ஊறும், கிணற்றில் ஊறுகிற மாதிரி. மார்கழியில் அதைக் கன்றுகளுக்கு இறைத்துவிடுவாள். வேதநாயகம் அனுப்புவது ஏஜெண்டு கடனுக்குச் சரியாகப் போயிற்று, கன்று விற்றது வயிற்றுக்குச் சரியாகப் போயிற்று. ஊர் முழுக்க ஆழ்குழாய் இறங்கி மேல் கிணறுகள் வற்றிய காலத்தில் அவளுக்கும் ஊறுவது குறைந்துகொண்டே வந்தது, ஊறிய கொஞ்சமும் கன்றுக்கே போயிற்று. அதற்காகக் கண் எரியவில்லை, தலை வலிக்கவில்லை. ஊரும் அவளை நல்லபடியாகத்தான் வைத்துக்கொண்டது. ராத்திரியில் மும்முனை கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், வந்ததும் எல்லோர் மோட்டாரையும் போட்டுவிடும் வேலை அவளுடையதாயிற்று. பிரசவ வீடு, சாவு வீடு, எங்கே முழித்திருக்க ஆள் வேண்டுமென்றாலும் ரோஸ்லினைக் கூப்பிட்டார்கள். அலுப்பு மட்டும்தான். உங்களுக்கும் எனக்கும் ஒரு நாள் முடிந்து இன்னொரு நாள் பிறக்கிறது, தாங்கிக்கொள்கிறோம். அவளுக்கு முடியவே இல்லை. தொண்ணூற்று நாலாம் வருஷத்துத் தையிலிருந்து அவளுக்கு ஒரே பகல்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஆடியில் பூத்துக்காரன் ஆள் விட்டுக் கூப்பிட்டான். மஸ்கட்டிலிருந்து போன்.

"ரோசு, தூங்க முடியலடி."

"எத்தன நாளா?"

"வந்ததுலேருந்தேதான். முன்னெல்லாம் கோழித் தூக்கமாவது வரும். இப்ப கண்ண மூடினா எமைக்குள்ள லைட்டு எரியுது. போன வாரம் சாரத்து மேல நின்னபடியே எங்கியோ போயிட்டேன். பக்கத்துல நின்ன மலையாளத்தான் பெல்டப் புடிச்சு இழுத்தான். இல்லாட்டி அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"வந்துருங்க."

"பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன்கிட்ட இருக்கு. எங்க வர்றது?" இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினான். "ஊருக்கெல்லாம் அனுப்புறியாமே. எனக்கு ஒரு கன்னு அனுப்பேன். மண்ணு இருந்தா ஏர்போர்ட்டுல விடமாட்டான். வேர அலசி அனுப்பு."

ரோஸ்லின் பூத்துக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். ஆடிக் காற்றில் எல்லா மரமும் இலையை உதறிக்கொண்டு ஆடின.

"மார்கழி வரட்டுங்க. இப்ப அனுப்பினா அழும்."

"அதுவரைக்கும் தாங்குமா?"

"தாங்கணுங்க" என்றாள்.

இதைக் கேட்டுக் குமுறிப் போனவள் அக்னஸ். வேதநாயகத்தின் தங்கை, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள், அண்ணன் என்றால் உயிர். மேலத்தெரு டேவிட்சன் புரட்டாசியில் மஸ்கட்டுக்குப் புறப்பட இருந்தான். கையோடு ஒரு கன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று அவள் வந்து நின்றாள்.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் தூக்கம் அனுப்புறீங்க அண்ணி. எங்கண்ணனுக்கு மட்டும் மார்கழி வரணுமா?"

"இப்ப அது முழிச்சிருக்கு அக்னஸு."

"எலய உருவிட்டா? மொட்டையா இருந்தா தூங்குறதுன்னுதான அர்த்தம்?"

"சட்டையக் கழட்டினா மனுசன் தூங்கிருவானா?"

"நல்லா பேசுறீங்க. சாரத்துலேருந்து அவரு விழட்டும், அப்பறம் மார்கழிக்கு அனுப்புங்க. கல்லறையில நட்டுக்கலாம்."

ரோஸ்லின் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். இரண்டு நாள் கழித்து, நாற்றங்கால் வரிசையில் ஒரு குழி இருந்தது. டேவிட்சன் அன்று காலையிலேயே பஸ் ஏறியிருந்தான். குழியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. யார் செய்தது என்று விசாரிக்கவுமில்லை, கத்தவுமில்லை. ஒருத்தியைத் திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள்.

அந்தக் கன்று விமானத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டது. தலைக்கு மேலே சாமான் வைக்கிற இடத்திலிருந்து பால் சொட்டி மூன்று வரிசைக்காரர்கள் சட்டை கெட்டது. மஸ்கட்டில் வேதநாயகம் அதை ஒரு பெயிண்டு டப்பாவில் நட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்தான். அது அவனைத் தூங்க வைக்காததோடு, அந்த அறையில் படுத்திருந்தவர்கள் ஒருவரையும் தூங்கவிடவில்லை. தாயை விட்டுப் பிரிந்த கன்று மாதிரி விடாமல் கூப்பிட்டது. நாலாம் நாள் அது பட்டுப்போனது. ஐந்தாம் நாள் வேதநாயகம் சாரத்திலிருந்து விழுந்தான். பயப்படாதீர்கள், உயிருக்கு ஒன்றுமில்லை. கீழே மணல் கொட்டியிருந்தது. இடுப்பிலும் காலிலும் கட்டுப் போட்டு அறையில் படுக்க வைத்தார்கள். கண் இரண்டும் திறந்தபடி மேல் கட்டிலின் பலகையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனால் இதயம் நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

அக்னஸ் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணி, நாந்தான்."

"தெரியும். வா, சாப்பிடு."

மார்கழி வந்தது. பனி இறங்கி, சாமியார் வீட்டு மரம் கொட்டி முடித்தது. மீரா சாகிப்பின் மருமகன் தையில் மஸ்கட்டுக்குப் போவதாக இருந்தான், வேர் கழுவிய கன்றுக்கு வேண்டிய சர்க்கார் சீட்டும் வாங்கியாகிவிட்டது. ரோஸ்லின் அந்த வருஷம் ஒருத்தருக்கும் கன்று இல்லை என்று சொல்லிவிட்டாள். வரிசையில் வாளிப்பான ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, வரப்பில் உட்கார்ந்து தண்டைப் பிடித்தாள். மத்தியானம் முழுக்கப் பிடித்திருந்தாள். ஒரு இலை அசையவில்லை. மறுநாளும் அப்படியே. அவளிடம் இறங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஓசூரிலும் பூனாவிலும் பெங்களூரிலும் இருந்ததே தவிர, கட்டினவனுக்குக் கொடுக்க அவள் கையில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. அதுவும் அலுப்பாகத்தான் வந்தது, பாதியில் நின்றுபோனது.

அக்னஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையை விலக்கிவிட்டுத் தன் கையை வைத்தாள். வெகுநேரம் கழித்து அடியிலிருந்து ஓர் இலை உதிர்ந்தது. ஒன்றே ஒன்று.

களை எடுத்துவிட்டு அந்த வழியாக வந்த பூவம்மாள் இதைப் பார்த்தாள். "ஒருத்தி தூக்கத்துக்கு ஒரு எலதானா? கஞ்சப் பய மரமால்ல இருக்கு" என்றவள், வயல் பக்கம் திரும்பிக் கை தட்டினாள். "ஏ வைரக்கண்ணு! எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வா. இங்க ஒரு நடவு கெடக்கு."

வந்தார்கள். சேற்றுக் காலோடு பத்திருபது பெண்கள் வரிசையாக நாற்றங்கால் வரப்பில் உட்கார்ந்து, முறை வைத்துக் கன்றின் மேல் கை வைத்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் தூக்கம்.

"ஏ ரோஸ்லினு, எந் தூக்கத்துல சினிமா நடிகரெல்லாம் வர்றாங்க. உன் வீட்டுக்காரருக்குச் சரிப்படுமா?" என்று வைரக்கண்ணு கேட்டாள்.

"உந் தூக்கத்துல உன் மாமியா வருவாளே, அத யோசி. பாவம் அந்த மனுசன், இடுப்பு ஒடிஞ்சு கெடக்காரு" என்றாள் இன்னொருத்தி.

"பேசாம கைய வைங்கடி. தூக்கம் சிரிப்புல செதறுது" என்றாள் பூவம்மாள்.

இலை உதிர்ந்துகொண்டே வந்தது. உச்சியில் கொழுந்தோடு ஒட்டிய கடைசி இலை மட்டும் யார் கை வைத்தும் விழவில்லை. பூவம்மாள் இரண்டு முறை வைத்தாள். "இது உன்னத்தான் கேக்குது" என்று ரோஸ்லினைப் பார்த்தாள். ரோஸ்லின் போய்க் கையை வைத்தாள். எங்கே மிச்சம் இருந்ததோ தெரியாது, கல்யாணத்துக்கு முந்தின தூக்கமோ, பால் மறக்காத காலத்துத் தூக்கமோ, அடி மனசில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று எழுந்து, தோள் வழியாக இறங்கிப் போனது. இலை விழுந்தது. அன்றிரவு ஊரில் பாதிப் பெண்கள் விழித்துக்கிடந்தார்கள். ஆண்கள் காலையில் காப்பி சீக்கிரம் கிடைத்ததாகச் சொன்னார்கள்.

தை பிறந்ததும் தோண்டி, கரைத்து, நார்த்தூள் சுற்றி, கோணி போர்த்தி அனுப்பினாள். மீரா சாகிப்பின் மருமகன் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனான். ஏர்போர்ட்டில் கட்டைத் தொட்டுப் பார்த்த ஆபீசர்கள் எல்லோரும் கொட்டாவி விட்டார்கள், வேறு தொந்தரவு ஒன்றுமில்லை. வேதநாயகத்தின் கட்டிலுக்குக் கீழே, கழுவின மணல் போட்ட டப்பாவில் அது நடப்பட்டது. அவன் கையைத் தொங்கப் போட்டுத் தண்டைத் தொட்டான். பத்து வருஷமாகத் திறந்தே இருந்த கண் மூடியது. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் இரண்டு ஷிப்டு தவறவிட்டுத் தூங்கினார்கள். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள், வேதநாயகம் எழவில்லை. ஒரு ஊர்ப் பெண்களின் தூக்கம் அல்லவா, அத்தனை லேசில் தீருமா? தட்டினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், மேஸ்திரி காதில் விசில் ஊதினான். மாசி வரைக்கும் பார்த்துவிட்டு, தூங்குகிறவனுக்குக் கம்பெனியில் வேலையில்லை என்று பாஸ்போர்ட்டை அவன் சட்டைப் பையிலேயே செருகி, ஸ்டிரெச்சரில் வைத்து விமானம் ஏற்றிவிட்டார்கள்.

மீனம்பாக்கத்துக்கு மீரா சாகிப் தன் பார்சல் லாரியோடு போனார். "எப்படிம்மா கொண்டு வரட்டும்?" என்று பூத்திலிருந்து கேட்டார்.

"எழுப்ப வேணாம் பாய். காலு ரெண்டுலயும் ஈரக் கோணி சுத்துங்க. வெயில் படாம, குலுங்காம வாங்க. வழியில கோணி காஞ்சா விழுப்புரத்துல ஒரு தடவ நனைங்க."

அவர் அப்படியே கொண்டு வந்தார். வந்ததும் ரோஸ்லின் அவன் பாதத்தைக் கொஞ்ச நேரம் வெண்கலத் தவலைத் தண்ணீரில் ஊற வைத்தாள். மஸ்கட்டு மணல் அடியில் தங்கியது. கொல்லைக் கீற்றுப் பந்தலில் நிழலாகப் படுக்க வைத்தாள். பலகாரத்தோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். நாக்கில் கஞ்சித் தண்ணீர் மட்டும் தடவினாள். பங்குனி போயிற்று, அவன் எழவில்லை. கன்று பிடித்ததா பட்டதா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்ப்பது வழக்கம், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அவள் தினமும் அவன் முழங்கையில் நகத்தால் ஒரு கோடு போட்டுப் பார்ப்பாள். மெல்லச் சிவக்கும். சரி என்று விசிறியை எடுத்துக்கொள்வாள். அக்னஸ் வந்து எதிரில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவாள். "எழுந்திருப்பாரா அண்ணி?" என்று தினம் ஒரு தடவை கேட்பாள். "தெரியலடி" என்று தினம் ஒரு தடவை ரோஸ்லின் சொல்வாள்.

சித்திரை நடுவில் ஒரு நாள் காலை, வெயில் கீற்று வழியாகப் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தபோது, வேதநாயகம் கண்ணைத் திறந்து சோம்பல் முறித்தான். எதிரில் இருந்த அக்னஸைப் பார்த்தான். "என்னடி, தலையெல்லாம் வெள்ள? மாவு மில்லுக்குப் போயிட்டு வர்றியா?" என்றான். அவள் கை தலைக்குப் போனது. அவன் எழுந்து உட்கார்ந்து, இடுப்பைத் தடவி, "படுத்த வாகு சரியில்ல, புடிச்சுக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டான். பிறகு ரோஸ்லினிடம் திரும்பினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான், இரண்டு நாளாக மனசில் போட்டு உருட்டியதைச் சொல்கிற மாதிரி.

"ரோசு, மஸ்கட்டுக்கு ஆள் எடுக்குறாங்களாம். ஏஜெண்டு வந்து நிக்கிறான், நாளைக்குள்ள சொல்லணுங்கறான். தண்ணியும் வர்ற மாதிரி தெரியல. என்ன சொல்ற, போகட்டுமா?"

பத்து வருஷத்துக்கு முந்தின பேச்சு அது. ரோஸ்லின் அவன் கையைப் பார்த்தாள். சிமெண்டு தின்ற நகங்கள், சாரக் கயிறு அறுத்த தழும்பு. அவனுக்கு அவை கண்ணில் படவில்லை. இத்தனை வருஷம் சேர்த்து வைத்த பேச்சு எவ்வளவோ இருந்தது அவளிடம், எட்டு வருஷத்துப் பகலை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. இறக்கினால் அவன் விழித்துக்கொள்வான். அவள் விசிறியைக் கீழே வைத்தாள்.

"வேணாங்க. போகாதீங்க."

"அப்ப வேணாம்" என்று வேதநாயகம் எழுந்து பல் விளக்கப் போனான்.

அவன் மஸ்கட்டுக்குப் போகவே இல்லை என்று ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. கூட்டம் போட்டுப் பேசவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அந்த வருஷமும் தண்ணீர் வரவில்லை. அவன் வெடித்த வயலைப் பார்த்துவிட்டு, பூவம்மாள் கூட்டத்தோடு கூலிக்குப் போனான். படுத்தால் தூங்கினான். ரோஸ்லின் தூங்கவில்லை. அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் அலுப்புக் குறைகிறது என்று அக்னஸிடம் சொன்னாள், அவ்வளவுதான். மோட்டார் போடும் வேலையையும் விடவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் திருவையாற்றுக்காரன் ஒருத்தன் லீவில் வந்தவன், அடையாளம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மஸ்கட்டில் அதே அறையில் மேல் கட்டிலில் படுத்தவன். கையில் பேரீச்சம்பழப் பொட்டலம். வேதநாயகம் அவனை உட்கார வைத்தான், ரோஸ்லின் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வந்தவன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மஸ்கட்டுலயா இருக்கீங்க தம்பி? ஒரு காலத்துல நான்கூட வரணும்னு இருந்தேன், இவதான் வேணாம்னுட்டா. எப்படி அங்க, வெயில் ஜாஸ்தியோ?"

வந்தவன் ரோஸ்லினைப் பார்த்தான். அவள் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். அவன் காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஜாஸ்திதாண்ணே" என்றான். "நீங்க வராததே நல்லது."